சர்க்கரை அளக்கும் பட்டைகளைக் கடையிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கங்களில் நீரிழிவு நோய் குறித்த கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. எதைச் சாப்பிடலாம், எவ்வளவு நேரம் நடக்கலாம், மாத்திரையை உணவுக்கு முன் போடுவதா பின் போடுவதா என்றெல்லாம் மருத்துவர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். ஆனால் அந்த அறிவுரைகள் எல்லாம் எந்த எண்ணை நம்பிச் சொல்லப்படுகின்றனவோ, அந்த எண் எப்படிக் கிடைக்கிறது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்லூரியில் மின்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், விரல் நுனி ரத்தத்தைத் தொட்டுச் சில விநாடிகளில் அளவு சொல்லும் அந்தச் சிறு பட்டையைப் பற்றி அதை நாள்தோறும் பயன்படுத்துவோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும், அரசிடம் நாம் கேட்டுப் பெற வேண்டிய ஒன்றையும் முன்வைக்க விரும்புகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். வயது வந்தோரில் இது 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். பேருந்து ஏறி மருத்துவமனைக்குச் செல்ல இயலாத முதியவர்களுக்கு இத்திட்டம் செய்திருக்கும் நன்மையை நான் நேரில் அறிவேன். அந்த நன்மை முழுமையாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குளுக்கோமீட்டர் வாங்கும்போது திரை பெரிதாக இருக்கிறதா, எத்தனை அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும், செல்பேசியோடு இணையுமா என்றெல்லாம் பார்த்து வாங்குகிறோம். உண்மையில் அளக்கும் வேலை நடப்பது அதில் செருகும் பட்டையில், அதாவது ஸ்ட்ரிப்பில்தான். பட்டையின் நுனியிலுள்ள மெல்லிய வாய்க்கால் ரத்தத் துளியைத் தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே கார்பனாலோ உலோகப் பூச்சாலோ ஆன மின்முனைகளின் மேல் வேதிவினையை விரைவுபடுத்தும் ஒரு நொதி (என்சைம்) உலர்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் நொதி குளுக்கோஸ் ஆக்சிடேஸ். வெங்காயத்தின் தோலில் கரும்பொடியாகப் படர்கிறதே, அந்த ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்துதான் அதைப் பெருமளவில் எடுக்கிறார்கள். ரத்தம் பட்டவுடன் நொதி விழித்துக்கொண்டு குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. பறித்ததைப் பக்கத்திலேயே பூசப்பட்டிருக்கும் ஃபெர்ரிசயனைடு போன்ற இடைப்பொருளிடம் ஒப்படைக்கிறது. அப்பொருள் மின்முனையை அடைந்து அவற்றை இறக்கி வைக்கும்போது மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்னோட்டம் பாய்கிறது. கருவியின் பங்கு சிறு மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்து, அந்த மின்னோட்டத்தை அளந்து, தொழிற்சாலையில் ஏற்றிவைத்த சமன்பாட்டைக் கொண்டு மில்லிகிராம் கணக்கில் மாற்றிக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த மின்னோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ வல்லது எதுவாக இருந்தாலும், சர்க்கரை கூடியது போலவோ குறைந்தது போலவோ திரையில் வந்து நிற்கும்.

இந்த ஏற்பாட்டின் மூலக் கருத்து, இதய அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் ரத்தத்தைத் தொடர்ந்து கண்காணிக்க வழி தேடிய லீலண்ட் கிளார்க், சாம்ப் லயன்ஸ் என்னும் இரு அமெரிக்கர்கள் 1962இல் வெளியிட்டது. ஆக்சிஜனை அளக்கும் மின்முனையைக் கிளார்க் அதற்கு முன்பே உருவாக்கியிருந்தார். அதன் மேல் நொதியை ஒரு சவ்வுக்குள் அடைத்து வைத்தால் குளுக்கோஸையும் அளக்கலாம் என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. அது ஆய்வகக் கருவியாகி, பின்னர் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை இடைப்பொருளாக்கியதன் பயனாக, 1987இல் பேனா அளவிலான முதல் வீட்டுக் கருவியாகக் கடைக்கு வந்தது. அதற்கு முன்பு நம் வீடுகளில் என்ன நடந்தது என்பதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, சில துளி சிறுநீரை விட்டு, சாராய விளக்கில் காய்ச்சி, நீலம் பச்சையாகிறதா, மஞ்சளாகிறதா, செங்கல் நிறமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும் என்பதால், சர்க்கரை தாழ்ந்து மயங்கும் ஆபத்தை அந்தச் சோதனை ஒருநாளும் சொல்லியதில்லை. அந்த நிலையிலிருந்து நம்மை மீட்ட பட்டையின் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது.

இந்த எண்ணுக்கு எவ்வளவு பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை இனிப் பார்ப்போம். வீட்டில் பயன்படும் கருவிகளுக்கு உலக அளவில் பின்பற்றப்படும் தரவிதி ஐஎஸ்ஓ 15197. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, ரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஆய்வக அளவிலிருந்து 15 மில்லிகிராம் வரையிலும், 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரையிலும் விலகலாம் என்கிறது. அதுவும் நூற்றில் 95 அளவுகள் இந்த எல்லைக்குள் இருந்தால் போதும். ஆய்வகத்தில் 200 வரும் ரத்தத்துக்கு நல்ல பட்டை 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேறிய பட்டைதான். உண்மையில் 60 உள்ள ஒருவருக்கு, அதாவது உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டியவருக்கு, 75 என்று காட்டினாலும் விதிப்படி குற்றமில்லை. வீட்டுக் கருவியில் 148 வந்தது, லேபில் 131 வந்தது, யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார்கள் என்று மருந்துக்கடையில் சண்டைக்கு நிற்போரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. உணவுக்குப் பிறகு விரல் நுனி ரத்தத்தில், லேபில் ஊசியால் எடுக்கும் நாள ரத்தத்தைவிடச் சர்க்கரை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். குழாயில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் கிடந்தால், அதிலுள்ள அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அப்போது லேப் காட்டுவதே குறைவான அளவாகிவிடுகிறது.

இவை எங்கும் உள்ள பிழைகள். நம் ஊருக்கென்று கூடுதலாக ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன். அது ரத்தச் சோகை. ரத்தத்தில் செவ்வணுக்கள் அடைத்துக்கொண்டிருக்கும் பங்கை வைத்தே பட்டையின் சமன்பாடு வகுக்கப்படுகிறது. அந்தப் பங்கு குறைந்தால், நொதியையும் மின்முனையையும் நோக்கிச் செல்லும் குளுக்கோஸுக்கு வழியில் தடை குறைகிறது, துளியில் நீர்ப்பகுதி கூடுகிறது, மின்னோட்டம் அதிகமாகிறது, திரையில் எண் ஏறுகிறது. சோகை உள்ள ஒருவரின் சர்க்கரை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும் என்பதே இதன் பொருள். செவ்வணுக்கள் மிகுந்த பிறந்த குழந்தைக்கு இது அப்படியே தலைகீழாகும். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்குச் சோகை இருப்பதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டிலும் அது பாதிக்கு மேல்தான். சோகை லேசாக இருந்தால் பெரும்பாலான பட்டைகள் தாங்கிக்கொள்ளும். கடுமையாக இருந்தால் எல்லாப் பட்டைகளும் தாங்குவதில்லை. செவ்வணுப் பங்கு 30 முதல் 55 சதவீதம் வரைதான் இந்தப் பட்டை செல்லுபடியாகும் என்று உள்தாளில் அச்சிட்டவையும் உண்டு, அதைவிட விரிந்த எல்லையைத் தருபவையும் உண்டு. மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்திச் செவ்வணுப் பங்கையும் சேர்த்து அளந்து தாமாகவே திருத்திக்கொள்ளும் கருவிகளும் வந்துவிட்டன. எது எந்த வகை என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, பெட்டியின் வெளிப்புறமும் சொல்வதில்லை.

இதனால் என்ன நேரும் என்று கேட்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுநீரக நோயாளியை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சோகை பெரும்பாலும் கூடவே வரும். அவருடைய சர்க்கரை தாழ்ந்துகொண்டிருக்கும் நள்ளிரவில் கருவி ‘சரியான அளவு’ என்று காட்டினால், வீட்டில் உள்ளவர்கள் அதை நம்பி அவரைத் தூங்க விட்டுவிடுவார்கள். கர்ப்பிணிகளின் நிலை வேறு விதமானது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறைப்படி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு என்று கொள்கிறார்கள். எளியது, செலவு குறைந்தது, எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றியிருக்கும் முறை. ஆனால் ஒற்றை எண்ணை எல்லையாக வைக்கும்போது, அதை அளக்கும் பட்டை சோகையுள்ள கர்ப்பிணியிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்திருக்க வேண்டாமா? அந்த வயிற்றுப்பிள்ளைத்தாய்க்குத் தேவையில்லாத பத்தியமும் அச்சமும் வருவதைப் பட்டையைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே தவிர்த்துவிடலாம்.

நொதியின் தேர்வும் உயிர்ப் பிரச்சினையாகியிருக்கிறது. குளுக்கோஸ் ஆக்சிடேஸுக்கு இயற்கையான கூட்டாளி ஆக்சிஜன் என்பதால், ஆக்சிஜன் ஏற்றப்படும் நோயாளியின் ரத்தத்தில் எலக்ட்ரான்களின் ஒரு பகுதி அதனிடம் போய்விட, கருவி குறைவான எண்ணைக் காட்டக்கூடும். இதைத் தவிர்க்கக் குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் என்ற வேறு நொதிக்கு மாறினார்கள். அதில் பிக்யூக்யூ என்ற துணைக்காரணி சேர்ந்த வகை, குளுக்கோஸுக்கும் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரைக்கும் வேறுபாடு தெரியாதது. வயிற்றுவழி டயாலிசிஸில் சிலருக்கு ஏற்றப்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசல் உடலில் மால்டோஸாக உடைகிறது. அந்த மால்டோஸையும் சர்க்கரையாக எண்ணிக் கருவி உயர்ந்த அளவைக் காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டதில் நோயாளிகள் தாழ்சர்க்கரைக்கு ஆளானார்கள். 1997 முதல் 2009 வரை இவ்வாறு 13 மரணங்கள் தனக்குத் தெரிவிக்கப்பட்டதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது. இப்போது பரவலாகியிருக்கும், எஃப்ஏடி என்ற வேறு துணைக்காரணி சேர்ந்த டீஹைட்ரஜனேஸுக்கு மால்டோஸ் குழப்பமும் இல்லை, ஆக்சிஜன் குழப்பமும் இல்லை. பட்டையில் உள்ள நொதி எது என்ற ஒரே ஒரு வரி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய தகவல் என்பதை இதிலிருந்து உணரலாம். மிகுந்த அளவில் வைட்டமின் சி ஏற்றிக்கொள்வோருக்கும் எச்சரிக்கை தேவை. அந்த அமிலம் மின்முனையில் தானே எலக்ட்ரான்களைக் கொடுத்து அளவை உயர்த்திக் காட்ட வல்லது.

இவ்வளவுக்கும் மேல் நம் வெயில் இருக்கிறது. நொதி ஒரு புரதம். சூடும் ஈரமும் அதற்கு ஆகா. பட்டைகளை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில், ஈரம் உறிஞ்சும் பொருளோடு கூடிய அதன் சொந்தக் குப்பியில், இறுக மூடி வைக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் தரும் அறிவுரை. மே மாதத்தில் வேலூரிலும் மதுரையிலும் கரூரிலும் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் எத்தனை! கிடங்கில் கிடந்து, சரக்கு வண்டியில் வந்து, குளிர்சாதனம் இல்லாத கடையின் அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பட்டை, காலாவதித் தேதிக்கு முன்பே திறன் இழந்திருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெயிலுக்குப் பயந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எடுத்த சூட்டோடு குப்பியைத் திறப்பதும் தவறுதான். உள்ளே ஈரம் படிந்துவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மாம்பழத் தோலுரித்த விரலைப் பஞ்சால் துடைத்துவிட்டுக் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்தே அளக்கப்படும். சோதனைக்கு முன் கையைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொள்வதே சரி.

பட்டை கெட்டுவிட்டதா என்று அறிய வழியே இல்லையா என்றால், உண்டு. சர்க்கரை இவ்வளவு என்று முன்கூட்டியே அறிந்த ஒரு திரவத்தை, கண்ட்ரோல் சொல்யூஷன் என்று சொல்வார்கள், ரத்தத்துக்குப் பதிலாகப் பட்டையில் தொட்டுப் பார்க்க வேண்டும். குப்பியின் மேல் அச்சிட்ட எல்லைக்குள் எண் வந்தால் பட்டை நலமாக இருக்கிறது. எங்கள் ஊரிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் மருந்துக்கடைகளில் இதைக் கேட்டுப் பார்த்தேன். அப்படி ஒன்று இருப்பதையே பலர் அறியவில்லை. அறிந்தவர்கள், யாரும் கேட்பதில்லை என்பதால் வரவழைப்பதில்லை என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். எடைக்கல்லுக்குக் குறித்த காலத்துக்கொருமுறை முத்திரை இட வைக்கும் நாட்டில், இன்சுலின் அளவைத் தீர்மானிக்கும் பட்டைக்குச் சரிபார்ப்புத் திரவம் கிடைக்கச் செய்ய ஏற்பாடு இல்லாததுதான் குறை.

தோளில் ஒட்டிக்கொண்டு 14 நாள் வரை தொடர்ந்து அளக்கும் சென்சார்களும் இதே நொதி, இதே மின்வேதியியல்தான். அவை அளப்பது ரத்தத்தை அன்று, தோலுக்கடியில் திசுக்களுக்கிடையே உள்ள நீரை. எனவே சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். விரலில் குத்தாமல், தோலைத் துளைக்காமல் சர்க்கரை சொல்வதாக இணையத்தில் விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்று அதே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்துள்ளது. அவற்றின் விளம்பரங்கள் தமிழிலும் வருவதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

நம் நாட்டில் குளுக்கோமீட்டர் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது. 2021இல் அதன் விற்பனை லாபத்துக்கு வரம்பும் வைக்கப்பட்டது. உரிமம் வழங்கும்போது நிறுவனம் கொடுக்கும் ஆவணங்கள் பார்க்கப்படுகின்றன. ஆனால் கடையில் கிடைக்கும் பட்டையைச் சாதாரண மனிதர் போலப் போய் வாங்கி, ஆய்வக அளவோடு ஒப்பிட்டு, முடிவைப் பெயரோடு வெளியிடுவது என்பது வேறு வேலை. அமெரிக்காவில் அப்படிச் செய்து பார்த்தார்கள். ஏற்கெனவே அனுமதி பெற்று விற்பனையில் இருந்த 18 கருவிகளைச் சோதித்ததில், மூன்று சுற்றுச் சோதனையிலும் தேறியவை 6 மட்டுமே என்று 2018இல் வெளியான முடிவு சொல்கிறது. அந்தப் பட்டியல் வெளிவந்ததால், எதை வாங்குவது என்பதை அங்குள்ள நோயாளி தெரிந்துகொள்ள முடிந்தது.

தமிழ்நாடு அரசு இதைச் செய்ய வேண்டும் என்பதே என் கோரிக்கை. வீடு தேடிச் செல்லும் திட்டத்துக்காகப் பட்டைகளைப் பெருமளவில் வாங்குவது அரசே. எனவே கேட்கும் உரிமையும் அதற்கே அதிகம். கொள்முதல் விதியிலேயே செவ்வணுப் பங்கின் எல்லையையும் நொதியின் வகையையும் நிபந்தனையாகச் சேர்க்கலாம். தன்னார்வலர்களின் பைகளுக்குச் சூடு தாங்கும் உறையும், ஒவ்வொரு புதிய குப்பியைத் திறக்கும்போதும் தொட்டுப் பார்க்கச் சரிபார்ப்புத் திரவமும் கொடுக்கலாம். சோகை கடுமையாக உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் விரல் நுனிச் சோதனையோடு நிறுத்தாமல் ஆய்வகச் சோதனையையும் கட்டாயமாக்கலாம். பெட்டியின் வெளிப்புறத்தில், தமிழில், படிக்கும் அளவு எழுத்தில், பிழை எல்லை, செவ்வணு எல்லை, நொதி, வெப்ப எல்லை ஆகிய நான்கையும் அச்சிட வேண்டும் என்று ஒன்றிய அரசை வற்புறுத்தலாம்.

சோதனை செய்ய இடம் தேடி அலைய வேண்டியதில்லை. வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் தந்து, 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. மின்முனையில் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளப்பது அங்கே அன்றாட வேலை. அதன் மின்வேதியியல் அறிவையும் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் உயிர்வேதியியல் ஆய்வகத்தையும் இணைத்து, மாநிலத்தின் வெவ்வேறு மாவட்டங்களில் கோடையிலும் மழைக்காலத்திலும் கடைகளிலிருந்து பட்டைகளை வாங்கிச் சோதித்து, முடிவுகளை ஆண்டுக்கொருமுறை நாளிதழ்களில் வெளியிடச் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும். அந்தப் பட்டியல் வெளிவரும் நாளில் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் அதற்கு முழு இடம் ஒதுக்குமாறு இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர்,
காரைக்குடி.